தொலைபேசி மோசடி: நோயாளியின் விழிப்புணர்வு மட்டும் போதுமா?

மருத்துவமனையில் ஒருவர் உள்நோயாளியாக இருக்கும் நாட்களில் அவருடைய குடும்பத்தார் எந்தத் தொலைபேசி அழைப்பையும் தவிர்ப்பதில்லை. அறியாத எண்ணாயினும் எடுக்கிறார்கள், நள்ளிரவாயினும் எடுக்கிறார்கள். அழைப்பது தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியராக இருக்கலாம், இரத்த வங்கியாக இருக்கலாம், காப்பீட்டு நிறுவனமாக இருக்கலாம். "தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காதீர்கள்" என்ற வழக்கமான அறிவுரை இந்த நாட்களில் எவருக்கும் பயன்படாது. மோசடி செய்வோர் இதை நன்கு அறிந்திருக்கிறார்கள்.

நரம்பியல் பிரிவில் பணியாற்றும் எங்களிடம் நோயாளிகளும் துணையிருப்போரும் இத்தகைய அழைப்புகளைப் பற்றிச் சொல்லாத வாரம் அரிது. சில வகைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மருத்துவமனையின் பெயரை இணையத்தில் தேடி, முதலில் தென்படும் எண்ணை அழைத்து முன்பதிவு கேட்கிறார் ஒருவர். மறுமுனையில் பேசுபவர் மிகுந்த மரியாதையுடன் நாளும் நேரமும் குறித்துக் கொடுத்துவிட்டு, பதிவுக் கட்டணமாகப் பத்து ரூபாய் மட்டும் செலுத்துமாறு வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பை அனுப்புகிறார். பத்து ரூபாய்க்கு யார் சந்தேகப்படுவார்கள்? அந்த இணைப்பைத் தொட்டு, கேட்கப்படும் அனுமதிகளையெல்லாம் கொடுத்ததும் கைப்பேசியில் ஒரு செயலி அமர்ந்துகொள்கிறது. அதன்பின் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. குறுஞ்செய்திகள் அந்த மனிதருக்கும் போய்ச் சேருகின்றன.

இன்னொரு வகையில், அழைப்பவர் தம்மைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். நோயாளியின் பெயர், வயது, படுக்கை எண் எல்லாம் சரியாகச் சொல்கிறார். உடனடியாக ஓர் ஊசி மருந்து தேவை, மருந்தகத்தில் இருப்பு இல்லை, வெளியிலிருந்து வரவழைக்கிறோம், இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள் என்கிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கச் சிறு கட்டணம் உண்டு என்று சொல்லும் அழைப்புகளும் உள்ளன. அத்திட்டத்தின் காப்பீட்டுத் தொகையை அரசே செலுத்துகிறது. பயனாளியிடம் சந்தா எதுவும் வாங்கப்படுவதில்லை.

இவை எல்லாவற்றிலும் கொடியது 'டிஜிட்டல் கைது' என்பது. காவல் அதிகாரி போலவோ சி.பி.ஐ. அதிகாரி போலவோ சீருடை அணிந்த ஒருவர் காணொளி அழைப்பில் தோன்றி, உங்கள் பெயரில் போதைப்பொருள் பொட்டலம் வந்திருக்கிறது என்று மிரட்டி, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் அழைப்பைத் துண்டிக்கவிடாமல் வைத்திருப்பார். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, ஓய்வூதியத்தில் தனித்து வாழும் முதியோர்தாம் இதற்குப் பெரிதும் இலக்காகிறார்கள். ஐதராபாத்தில் ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர் இத்தகைய மிரட்டலுக்கு ஆளாகி, 2025 செப்டம்பரில் மாரடைப்பால் உயிரிழந்தார். மருத்துவம் படித்தவருக்கே இந்த நிலை என்றால், ஏமாறுகிறவர்களைப் படிப்பறிவில்லாதவர்கள் என்று சொல்வது எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

இதைச் சற்று விரித்துக் கூற வேண்டும். ஏமாறுதல் அறிவின் குறை அன்று. அந்நேரத்தில் மூளை இருக்கும் நிலையைப் பொறுத்தது. நிதானமாக ஆராய்ந்து முடிவெடுக்கும் வேலையில் மூளையின் முன்மடல் பெரும்பங்கு வகிக்கிறது. மூன்று இரவுகள் உறங்காமல் வராண்டாவில் அமர்ந்திருக்கும் மகனுக்கு அந்தப் பகுதி சோர்ந்துபோயிருக்கும். அச்சம் அதை இன்னும் முடக்கும். "இன்னும் அரை மணி நேரத்துக்குள்" என்று அழைப்பவர் அவசரப்படுத்துவது தற்செயலானதன்று. சிந்திக்கும் அவகாசத்தைப் பறிப்பதே அதன் நோக்கம். பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்கள், கல்லீரல் செயலிழப்பால் குழப்பத்தில் இருப்பவர்கள், வலிக்கு வீரியமான மருந்து எடுத்துக்கொள்பவர்கள் ஆகியோரின் நிலையை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்றும் உண்டு. பணத்தைக் கையாள்வதில் புதிதாகத் தோன்றும் தடுமாற்றம், மறதி நோயின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்றாக இருக்கலாம். பெயர்கள் மறப்பதற்கு முன்பே கணக்கு தவறத் தொடங்கும் நோயாளிகள் உண்டு. எழுபது வயதைக் கடந்த தந்தை ஒரே ஆண்டில் இரண்டாம் முறையாக இத்தகைய அழைப்புக்குப் பணம் அனுப்பியிருந்தால், அவரைக் கடிந்துகொள்வதைவிட நினைவாற்றல் பரிசோதனைக்கு அழைத்து வருவதே நல்லது.

பணம் போனபின் வீட்டில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் "நம்பரை ஏன் சொன்னீர்கள்?" என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. எங்களுக்கு அது வேறு வழியில் தெரியவருகிறது: இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் பணமின்றி நிறுத்திவிட்டார், அடுத்த பரிசோதனைக்கு வரவில்லை, உறக்கமில்லை, எவரோடும் பேசுவதில்லை. மீண்டும் உள்நோயாளியாகச் சேர்ந்தபின்தான் காரணம் வெளிவருகிறது. இந்த மௌனம் பணத்தையும் இழக்கச் செய்கிறது. புகார் செய்ய வேண்டிய நேரம் அதில் கழிந்துவிடுகிறது.

இனி, இதை யார் சரிசெய்வது என்ற கேள்விக்கு வருவோம். கைப்பேசியில் எவரையேனும் அழைத்தால் மணி ஒலிப்பதற்கு முன் எச்சரிக்கைக் குரல் கேட்ட காலம் உண்டு. சுவரொட்டிகளும் குறுஞ்செய்திகளும் அதையே சொல்கின்றன. யாவும் நல்ல நோக்கத்தோடு செய்யப்படுபவையே. ஆயினும் அவை அனைத்தும் ஒன்றையே கூறுகின்றன: நீங்கள் கவனமாக இருங்கள். மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்த கணக்கின்படி, இணையவழி நிதி மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,465 கோடி ரூபாய்; 2024ஆம் ஆண்டில் 22,845 கோடி ரூபாய். எச்சரிக்கைகள் பெருகிய அதே காலத்தில் இழப்பு மூன்று மடங்காகியிருக்கிறது.

மருத்துவ மாணவர்கள் முதலில் படிக்கும் கதைகளுள் ஒன்று லண்டன் நகரில் 1854ஆம் ஆண்டு பரவிய காலரா பற்றியது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், நோயுற்றோர் பெரும்பாலும் பிராட் தெருவின் ஒரே கைப்பம்பிலிருந்து நீர் எடுத்தவர்கள் என்று கண்டறிந்து, அதன் கைப்பிடியைக் கழற்றுமாறு ஊர் நிர்வாகத்தை இணங்கச் செய்தார். நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எனினும் அவர் வீடு வீடாகச் சென்று "கவனமாகக் குடியுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நீர் வரும் வழியை நாடினார். தொலைபேசி மோசடியிலும் அத்தகைய வழிகள் உள்ளன.

முதல் வழி தொலைபேசி இணைப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இந்திய எண் போலக் காட்டும் தந்திரம் நெடுநாள் நடந்து வந்தது. 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை அதைத் தடுக்கும் அமைப்பைத் தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 1.35 கோடி போலி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. கோடிக்கணக்கான மக்களிடம் "கவனம்" என்று சொல்லி அடைய முடியாததை, கம்பியின் மறுமுனையில் ஒரே நாளில் செய்ய முடிந்தது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசுத் துறைகளும் வாடிக்கையாளரை அழைப்பதற்கென 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருப்பதும் நல்ல ஏற்பாடு. மருத்துவமனைகளுக்கும் அப்படியொரு வரிசை வேண்டும் என்பது எங்கள் கருத்து. இவற்றுக்கு அப்பால், போலி ஆவணத்தில் விற்கப்படும் ஒவ்வொரு சிம் அட்டைக்கும் ஒரு விற்பனையாளர் இருக்கிறார். அவரையும் அவருக்கு உரிமம் கொடுத்த நிறுவனத்தையும் கேள்வி கேட்பது நோயாளியின் வேலையன்று.

இரண்டாவது வழி வங்கிக் கணக்கு. எங்கள் பார்வையில் இதுவே கழற்றப்பட வேண்டிய கைப்பிடி. அழைப்பு எங்கிருந்து வந்தாலும், பணம் ஏதோவொரு வங்கிக் கணக்கில்தான் இறங்க வேண்டும். அது பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்க்கு வாடகைக்கு எடுக்கப்பட்ட கணக்கு. நேற்றுவரை சில நூறு ரூபாய் மட்டுமே இருந்த கணக்கில் இன்று காலை பல இலட்சம் வந்து, பத்து நிமிடத்தில் இருபது கணக்குகளுக்குப் பிரிந்து போவதை வங்கியின் கணினி காண முடியும். வராண்டாவில் அமர்ந்திருக்கும் மகளால் காண முடியாது. டிஜிட்டல் கைது பற்றி ஹரியானாவைச் சேர்ந்த முதிய தம்பதியர் எழுதிய கடிதத்தை 2025ஆம் ஆண்டில் வழக்காக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், டிசம்பர் 1 அன்று சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. இத்தகைய கணக்குகளைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு கண்டறிந்து ஏன் முடக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியிடம் அப்போது விளக்கமும் கேட்டது.

இழப்பை யார் தாங்குவது என்பதும் இதனோடு சேர்ந்தது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் களவுபோய், வாடிக்கையாளர் 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், இழப்பு அவரைச் சாராது. அவரே ஓ.டி.பி.யைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவருடையது. அச்சுறுத்தலால் தம் கையாலேயே பணம் அனுப்பியவருக்கும் அந்தச் சுற்றறிக்கை பெரிதும் துணைநிற்பதில்லை.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் வேறு முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெற்ற வங்கியும் பணம் கொடுக்க வேண்டும் என்றவுடன், வாடகைக் கணக்குகளைத் தேடிப் பிடிக்கும் அக்கறை அதற்குத் தானாக வந்துவிடுகிறது. மிகுந்த அலட்சியம் காட்டியவருக்கு மறுக்கலாம் என்ற விலக்கு அந்த விதியில் உண்டு. ஆனால் நலிந்த நிலையில் இருந்ததால் ஏமாற்றப்பட்டவர்மீது அந்த விலக்கைப் பயன்படுத்த இயலாது. உடல்நலக் குறைவும் உறவினரின் மரணம் போன்ற வாழ்க்கை நிகழ்வுகளும் அந்நாட்டு நிதித்துறையில் நலிவுக்கான காரணங்களாக ஏற்கப்பட்டவை. இழப்பு முழுவதையும் வங்கிகள் ஏற்றால் மக்கள் அக்கறையின்றிப் போய்விடுவார்கள் என்று சொல்வோர் உண்டு. பத்து இலட்சம் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக எவரும் விரும்பி மிரட்டலுக்கு ஆளாவதில்லை. ஆகவே இந்த வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை.

மூன்றாவது வழி மருத்துவமனைகளுக்கே உரியது. படுக்கை எண் வரை சரியாகச் சொல்லும் ஒருவருக்கு அந்தத் தகவல் எங்கோ ஓரிடத்திலிருந்துதான் கிடைக்கிறது. வாயிலில் உள்ள பார்வையாளர் பதிவேட்டில் முன்னால் வந்தவரின் பெயரும் எண்ணும் பின்னால் வருபவருக்குத் தெரிகின்றன. பரிசோதனை முடிவுகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் முழு விவரமும் எழுதப்படுகிறது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, பல நாட்கள் எல்லாப் பணிகளும் கையெழுத்தில் நடந்தன. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது; தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. மருத்துவமனைகளும் இதற்கு விலக்கல்ல. உங்கள் எண்ணை எவரேனும் கேட்டால், எதற்காக என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

இவை யாவும் நடைபெறும்வரை குடும்பத்தார் தம்மைக் காத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்குச் சிலவற்றைச் சொல்கிறோம். எந்த மருத்துவரும் செவிலியரும் தனிப்பட்ட எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வதில்லை. கட்டணம் எதுவாயினும் கட்டணப் பிரிவில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பணம் கேட்கப்பட்டால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, நோயாளியின் பதிவு அட்டையில் அச்சிடப்பட்டுள்ள எண்ணை அழையுங்கள். அல்லது வார்டு செவிலியரிடம் நேரில் கேளுங்கள். நள்ளிரவிலும் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முன்பதிவுக்கும் அதே எண்தான். தேடுபொறி காட்டும் எண் வேண்டாம்.

பணம் போய்விட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்பதே. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம் உண்டு என்று நாங்கள் சொல்வோம். இங்கே அவ்வளவும் இல்லை. உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, பணம் அனுப்பிய நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கூறினால், பணம் சென்ற கணக்குகளை அடுத்தடுத்து முடக்க முயல்வார்கள். அதன்பின் உங்கள் வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் போகாமல் அழைப்பு மட்டும் வந்திருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் பதிவு செய்யலாம்.

நினைவாற்றல் குறைந்துவரும் பெற்றோர் வீட்டில் இருந்தால், அவர்களுடைய ஒப்புதலோடு யு.பி.ஐ. நாள் வரம்பைக் குறைத்து வைக்கலாம். பெருந்தொகையை இணையவழி வசதி இல்லாத தனிக் கணக்கில் வைப்பதும் நல்லது. கைப்பேசியைப் பிடுங்கி வைக்க வேண்டாம். பேச ஆளில்லாத முதியவருக்கு அது இன்னொரு நோய். அடுத்த முறை வெளிநோயாளிகள் பிரிவுக்கு வரும்போது, மருந்துச் சீட்டோடு, அண்மையில் பணம் தொடர்பாக நேர்ந்த தடுமாற்றங்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.