தாமிரபரணி வடிநிலப் பயிர்களின் பூவுறுப்புகள்: மரபுச்சொற்களும் தாவரவியலும்

ஆய்வுச் சுருக்கம்

பூக்கும் தாவரங்களின் உறுப்புகளுக்குப் பாடநூல் வழங்கும் கலைச்சொற்களும் வயலிலும் அடுக்களையிலும் வழங்கும் சொற்களும் தனித்தனியே நிற்கின்றன. தாமிரபரணி வடிநிலத்தின் வாழை, நெல், பனை ஆகிய மூன்றன் பூவுறுப்புகளின் அமைப்பையும் பணியையும் விளக்கி, அவற்றுக்குரிய மரபுச்சொற்கள் தாவரவியல் உண்மையோடு எங்கே பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பூவுறுப்பு, மரபியல், புறக்காழ், பாளை, மடல், கள்ளன், சூலகம்.

முன்னுரை

திருநெல்வேலி மாநகரில் ஆற்றையொட்டி அமைந்த வண்ணார்பேட்டையிலிருந்து மேற்கே சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வரையிலும், கிழக்கே திருவைகுண்டம், ஏரல் வரையிலும் வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. வடிநிலத்தின் தென்கிழக்கே உடன்குடி, சாத்தான்குளம் பகுதிகளின் செம்மணல் தேரிகளை அடுத்துப் பனை நிற்கிறது. தோற்றத்தில் வேறுபட்ட இம்மூன்றும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெரும்பிரிவைச் சார்ந்தவை. ஆகவே இவற்றின் பூக்களை ஒப்பிட்டு நோக்குவது உறுப்பமைப்பின் அடிப்படையை அறிய ஏற்ற வழியாகும்.

பூவின் பொது அமைப்பு

முழுமையான பூவில் நான்கு வட்டங்கள் உண்டு. புறத்தேயுள்ள புல்லி வட்டம் மொட்டைக் காக்கிறது. அல்லி வட்டம் பூச்சிகளை ஈர்க்கிறது. மகரந்தத்தாள் வட்டம் மகரந்தத்தை உண்டாக்குகிறது. நடுவிலுள்ள சூலக வட்டம் சூற்பை, சூலகத் தண்டு, சூலக முடி என்னும் மூன்று பகுதிகளைக் கொண்டது. சூலக முடி மகரந்தத்தை ஏற்கிறது; சூற்பை கனியாகிறது; சூல் விதையாகிறது. ஒருவித்திலைத் தாவரங்களில் பூவுறுப்புகள் பெரும்பாலும் மூன்று அல்லது மூன்றின் மடங்காக அமையும். புல்லிக்கும் அல்லிக்கும் வேறுபாடு இல்லாதவிடத்து இரண்டையும் சேர்த்துப் பூவிதழ் வட்டம் என்பர்.

தொல்காப்பிய மரபியலின் பகுப்பு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியல், புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. அத்துடன் நில்லாது, ஒவ்வொன்றுக்கும் உரிய உறுப்புப் பெயர்களையும் தொகுத்துரைக்கிறது. மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை முதலியன புல்லுக்கு உரியவை. இலை, தளிர், சினை, பூ, அரும்பு முதலியன மரத்துக்கு உரியவை. காய், பழம் போன்றவை இரண்டுக்கும் பொதுவாகின்றன.

இப்பகுப்பை ஒருவித்திலை, இருவித்திலை என்னும் இன்றைய பகுப்போடு முற்றும் ஒன்றாகக் கருதும் போக்கு உண்டு. அது மிகைக் கூற்றாகும். இன்றைய பகுப்பு வித்திலையின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. மரபியலின் பகுப்பு தண்டின் வன்மையை அடிப்படையாகக் கொண்டது. மேலும், ‘தோடு’ என்னும் பெயர் இரு பட்டியல்களிலும் இடம்பெறுகிறது. வாழையில் அகக்காழும் இல்லை, புறக்காழும் இல்லை. தண்டு எனத் தோன்றுவது இலையடிகள் ஒன்றையொன்று பொதிந்த திரளே. ஆயினும் மடல், குலை என்னும் உறுப்புப் பெயர்களால் வாழை புல்லின் பக்கமே சேர்கிறது. எனவே வன்மை என்னும் அளவுகோல் கைவிடும் இடத்திலும் உறுப்புப் பெயர் துணைநிற்கிறது எனலாம். மரபியலின் தாவரவியல் மதிப்பு இவ்வுறுப்புப் பெயர்களிலேயே மிகுதியும் தங்கியுள்ளது.

வாழை: மடலும் கள்ளனும்

வாழைப்பூ என வழங்குவது தனிப்பூ அன்று. அது மஞ்சரியின் நுனிப்பகுதி. செந்நிற மடல் ஒவ்வொன்றும் பூவடிச் செதில் ஆகும். அதன் அடியில் பூக்கள் இரு வரிசையாக அமைகின்றன. ஒரு மடலின் கீழ் இருந்த பெண்பூக்களே ஒரு சீப்பாக முதிர்கின்றன. சீப்பில் காய்கள் இரு வரிசையாக இருப்பதன் காரணம் இதுவே. மஞ்சரியின் அடிப்பகுதியில் பெண்பூக்கள் முதலில் விரிகின்றன; நுனியில் ஆண்பூக்கள் பின்னர் விரிகின்றன. சமையலுக்கு வருவன பெரும்பாலும் இந்த ஆண்பூக்களே.

தனிப்பூவில் ஐந்து பூவிதழ்கள் இணைந்து ஒரு குழலாகின்றன. ஆறாவது இதழ் தனித்து, கண்ணாடி போன்ற மெல்லிய செதிலாக நிற்கிறது. மகரந்தத்தாள்கள் ஐந்து. நடுவே தலை தடித்த விறைப்பான நரம்பு ஒன்று உண்டு. சமைக்குமுன் நீக்கப்படும் இதனையே ‘கள்ளன்’ என்பர். சமையற்குறிப்புகள் பல இதனை மகரந்தத்தாள் என விளக்குகின்றன; அது பொருந்தாது. தடித்த தலை சூலக முடி. நரம்பு சூலகத் தண்டு. ஆண்பூவில் இச்சூலகம் வளர்ச்சி குன்றியது, ஒருபோதும் காயாகாது. பெண்ணுறுப்பின் வடிவம் கொண்டு அதன் பணியைச் செய்யாத உறுப்புக்குக் கள்ளன் என்னும் பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

பயிரிடப்படும் வாழையில் மகரந்தச் சேர்க்கை இன்றியே சூற்பை கனியாகிறது. இதனைக் கன்னிக்கனியாதல் என்பர். சீப்புகள் வெளிவந்தபின் உழவர் நுனிப்பூவை ஒடித்துவிடினும் காய்ப்பு குறையாமைக்குக் காரணம் இதுவே. விதையின்மையால் இனப்பெருக்கம் பக்கக்கன்றால் நிகழ்கிறது.

நெல்: உமியும் பதரும்

நெற்பூவில் கண்ணைக் கவரும் இதழ் இல்லை. லெம்மா, பாலியா எனப்படும் இரு செதில்கள் பூவை மூடியுள்ளன. இவையே பின்னர் உமியாகின்றன. உள்ளே ஆறு மகரந்தத்தாள்களும், இறகு போன்ற இரு சூலக முடிகளும், ஒரே சூலைக் கொண்ட சூற்பையும் உள்ளன. அடியிலுள்ள இரு சிறுசெதில்கள் நீரேற்றுப் பருக்கும்போது உமி திறக்கிறது. பெரும்பாலும் முற்பகலில் திறக்கும் பூ, சிறிது நேரத்தில் மூடிக்கொள்கிறது. பெரும்பான்மையும் தன்மகரந்தச் சேர்க்கையே நிகழ்கிறது.

இக்குறுகிய பொழுதில் கடும் வெப்பமோ மழையோ குறுக்கிட்டால் கருவுறுதல் தடைபட்டு, உமி மட்டும் எஞ்சும். அதுவே பதர். கார், பிசானம் என்னும் இரு பருவங்களிலும் உழவர் பூக்கும் நாட்களில் வானிலையை அஞ்சுவதன் காரணம் நெற்பூவின் இவ்வமைப்பில் உள்ளது.

பனை: பாளையும் நுங்கும்

பனையில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு மரங்களில் தோன்றுகின்றன. ஆண்பனையை அலகுப்பனை என்றும் பெண்பனையைப் பருவப்பனை என்றும் வழங்குவர். பாளை வரும்வரை இரண்டையும் தோற்றத்தால் பிரித்தறிதல் அரிது. இரு பாளைகளும் பதநீர் தருகின்றன. நுங்கு தருவது பெண்பனை மட்டுமே. சூலகம் மூன்று அறைகளை உடையதாதலின், இளங்காயில் நுங்கு பெரும்பாலும் மூன்று கண்ணாக அமைகிறது.

வாழையின் சூற்பையும் மூவறை கொண்டதே. பழத்தை மெல்ல அழுத்தினால் நெடுக்கில் மூன்றாகப் பிரிவதைக் காணலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பனங்காயின் காம்படியில் பூவிதழ்கள் மூடியாக ஒட்டியுள்ளன. வாழைக்காயில் காய்ந்த பூ நுனியில் நிற்கிறது. பனையில் சூற்பை இதழ்களுக்கு மேலும், வாழையில் கீழும் அமைந்திருப்பதே இதன் காரணம். மேல்மட்டச் சூற்பை, கீழ்மட்டச் சூற்பை என மாணவர் மனப்பாடம் செய்யும் வேறுபாட்டை இவ்விரு காய்களைக் கொண்டே விளக்கிவிடலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. மடல், பாளை, குலை, சீப்பு, பதர், கள்ளன் ஆகிய சொற்கள் குறிப்பிட்ட உறுப்பையோ நிகழ்வையோ துல்லியமாகச் சுட்டுகின்றன. மரபியலின் பகுப்பு இன்றைய பகுப்புக்கு நிகரானது எனக் கொள்வதைவிட, தண்டின் வன்மையையும் உறுப்புப் பெயரையும் இணைத்து நோக்கிய தனி முறை எனக் கொள்வதே தகும். வழக்குச் சொற்களுக்குப் பிழையான விளக்கம் தரப்படுமிடத்துச் சொல்லைக் கைவிடாது விளக்கத்தைத் திருத்துதல் வேண்டும். பாடநூலில் கலைச்சொல்லின் அருகே வழக்குச் சொல்லும் இடம்பெறின், அடுக்களையும் வயலும் தாவரவியலின் முதல் ஆய்வுக்கூடங்களாக அமையும்.