டிராக்டரின் சிவப்புச் சாவி

பேட்டரிக்கும் வண்டியின் மற்ற எல்லா மின்சுற்றுகளுக்கும் நடுவே நிற்கும் ஒரே துண்டிப்பான்தான் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச். லாரி, பஸ், நெல் அறுக்கும் இயந்திரம், பொக்லைன் ஆகியவற்றில் இது பழகிய பொருள். பெட்ரோல் ஏற்றும் டேங்கர் லாரிகளில் இருந்தே ஆக வேண்டும் என்று பெட்ரோலிய விதிகள் சொல்கின்றன. டிராக்டர்கள் பலவற்றில் கம்பெனியிலிருந்து வரும்போது இது இருப்பதில்லை. தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். கடைகளில் அதிகம் கிடைப்பது கால் சுற்றுத் திருப்பினால் துண்டிக்கும் வகை. அதன் சிவப்புச் சாவியை ஆஃப் நிலையில் கழற்றி எடுத்துவிடலாம்.

இது யாருக்கு அதிகம் தேவை என்பதற்கு உத்திரமேரூர் வட்டாரத்தைப் பார்க்கலாம். அது ஏரிப் பாசனப் பகுதி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் பேசப்பட்டாலும், ஏரியில் நீர் இருப்பதைப் பொறுத்தே உழவு நடக்கும். சேடை ஓட்டும் நாட்களில் ஓய்வே இல்லாமல் ஓடும் டிராக்டர், நடவு முடிந்து ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டதும் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கிறது. நெல் அறுக்கும் இயந்திரத்துக்கு வேலை அறுவடைக் காலத்தில் மட்டுமே. ஆண்டில் பாதிக்கு மேல் சும்மா நிற்கும் வண்டிகள் இவை. நகரத்தில் தினமும் ஓடும் காரைவிட இவற்றுக்குத்தான் கட்-ஆஃப் சுவிட்ச் அதிகம் பயன்படும்.

வண்டி நின்றாலும் மின்சாரம் முழுவதும் நிற்பதில்லை. ஜிபிஎஸ் கருவி, பாட்டுப்பெட்டியின் கடிகாரம், புது வண்டிகளின் கட்டுப்பாட்டுக் கணினி என்று ஏதோ ஒன்று சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். 75 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு மாதத்திலேயே ஏறத்தாழ பாதி காலியாகிவிடும். அதன்பின் செல்ஃப் மோட்டார் சுற்ற மறுப்பது சிறிய தொல்லைதான். பெரிய இழப்பு தகடுகளில் நடக்கிறது. ஈய-அமில பேட்டரி மின்சாரம் தரும்போது இரு வகைத் தகடுகளிலும் ஈய சல்ஃபேட் நுண்துகளாகப் படிகிறது. சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடுகிறது. ஏற்றாமல் வாரக்கணக்கில் விட்டால் அது பெரிய, கெட்டியான படிகமாக வளர்ந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. பேட்டரி சீக்கிரம் போய்விட்டது என்று சொல்லப்படும் பல இடங்களில் நடந்திருப்பது இதுதான்.

கட்-ஆஃப் சுவிட்சுக்கு இதைவிட வலுவான காரணம் எலி. நின்ற வண்டியின் எஞ்சின் மேல் கூடு கட்டி, ஒயரின் உறையைக் கடித்துவிடும். உறை போன ஒயர் இரும்பு உடலில் பட்டால் ஷார்ட். பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு. நேரடி ஷார்ட்டில் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும். ஃபியூஸ் இல்லாத தடித்த கேபிளாக இருந்தால் சில நொடிகளில் பழுக்கக் காய்ந்துவிடும். கிராமத்தில் டிராக்டர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கோல் போர் இருக்கும், மாட்டுக் கொட்டகையும் இருக்கும். நெல் அறுக்கும் இயந்திரத்தின் பேட்டரிப் பெட்டியைச் சுற்றியே பதரும் தூசியும் அடைந்து கிடக்கும். இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் தீப்பிடிக்க வேறெதுவும் வேண்டாம். சுவிட்ச் ஆஃபில் இருந்தால், அதற்கு அப்பால் எந்த ஒயரை எலி கடித்தாலும் பொறி பறக்க மின்சாரம் இராது.

எல்லா சுவிட்சும் இந்த வேலைக்கு ஆகாது. டிராக்டரின் செல்ஃப் மோட்டார் கிளம்பும் நொடியில் 200 முதல் 400 ஆம்பியர் வரை இழுக்கும். சுவிட்சின் மேல் இரண்டு அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும்: தொடர்ந்து தாங்கும் ஆம்பியர் ஒன்று, சில நொடிகள் மட்டும் தாங்கும் ஆம்பியர் மற்றொன்று. பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது தவறு. அளவு சரியாக இருந்தாலும் முனை அழுத்தமாகப் பிடிக்காவிட்டால் பயனில்லை. ஆயிரத்தில் ஒரு ஓம் அளவு தடை இருந்தாலே 300 ஆம்பியர் பாயும்போது 0.3 வோல்ட் குறையும். அந்தச் சிறு இடத்தில் 90 வாட் வெப்பம் பிறக்கும். சுவிட்சின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கியும் குறையாவிட்டால் சுவிட்சையே மாற்ற வேண்டும். கையால் தொட்டுச் சுடுகிறதா என்று பார்ப்பதைவிட இது நம்பகமானது.

பிளஸ் பக்கம் பொருத்துவதா, மைனஸ் பக்கமா என்ற கேள்வி அடிக்கடி எழும். மைனஸ், அதாவது எர்த் கேபிளில் பொருத்தினால் வண்டியின் உடலே பேட்டரியிலிருந்து பிரிந்துவிடுகிறது. பொருத்தும்போது ஸ்பேனர் உடலில் பட்டாலும் பொறி பறக்காது. பிளஸ் பக்கம் பொருத்தினால் பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் இடைப்பட்ட கேபிள் எப்போதும் உயிரோடு இருக்கும். அதைக் குட்டையாக, ரப்பர் உறையோடு வைக்க வேண்டும். சாதாரண டிராக்டருக்கு மைனஸ் பக்கமே நல்லது, ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை பலருக்கும் தெரிவதில்லை. ஜிபிஎஸ், கூடுதல் விளக்கு, ஸ்பீக்கர் போன்றவற்றைப் பின்னால் சேர்ப்பவர்கள் அவற்றின் மைனஸ் ஒயரை நேராகப் பேட்டரி டெர்மினலிலேயே முறுக்கிவிடுவது உண்டு. அந்தக் கருவியின் உலோக உறை வண்டி உடலிலும் போல்ட் போட்டு நிற்கும். இப்போது கட்-ஆஃப் சுவிட்சை ஆஃப் செய்தாலும், அந்த மெல்லிய ஒயர் வழியாக உடலுக்கும் பேட்டரிக்கும் தொடர்பு இருந்துகொண்டே இருக்கிறது. சுவிட்ச் ஆஃபில் இருப்பதை மறந்து யாராவது செல்ஃப் அடித்தால், தடித்த கேபிளில் போக வேண்டிய நூற்றுக்கணக்கான ஆம்பியர் முழுவதும் பென்சில் முனைபோன்ற அந்த ஒயரைத் தேடிப் போகும். ஒயர் உருகி, கருவியும் கருகும். ஆகவே பேட்டரியின் மைனஸ் டெர்மினலில் சுவிட்சுக்குப் போகும் ஒரே கேபிள்தான் இருக்க வேண்டும்; மற்ற மைனஸ் ஒயர்கள் எல்லாம் சுவிட்சின் மறுபக்கம் போக வேண்டும். பொருத்தி முடித்ததும் சுவிட்சை ஆஃப் செய்து, ஹாரனை அழுத்தியும் விளக்கைப் போட்டும் பார்ப்பது எளிய சோதனை. எதுவும் வேலை செய்யக் கூடாது.

எஞ்சின் ஓடும்போது இந்த சுவிட்சைத் தொடவே கூடாது. ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தை உள்வாங்கி வோல்ட்டேஜைச் சமனாக வைத்திருப்பது பேட்டரி. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அதைச் சட்டெனப் பிரித்தால், 12 வோல்ட் வண்டியிலேயே வோல்ட்டேஜ் நொடியின் ஒரு பகுதி நேரத்துக்கு 80, 100 என்று எகிறக்கூடும். ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் ரெகுலேட்டரும் கட்டுப்பாட்டுக் கணினியும் அடிபட அது போதும். எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் இது என்று நினைப்பதும் தவறு. மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டிராக்டரில் எஞ்சின் நிற்க டீசலை அடைக்கும் கம்பியை இழுக்க வேண்டும். பேட்டரியைத் துண்டித்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

புது வண்டிகளில் இன்னொரு கவனம் வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 லாரிகளிலும், 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு வந்த ட்ரெம்-4 புகை மாசு விதிக்கு உட்பட்டவற்றிலும் எஞ்சினைக் கணினி ஆள்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் அது சில நிமிடங்கள் விழித்திருந்து, அன்றைய விவரங்களைப் பதிந்துகொள்ளும். யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பு உள்ள வண்டிகளில், குழாயில் மிஞ்சிய கரைசலைத் தொட்டிக்குத் திருப்பி இழுக்கும் பம்பும் அப்போதுதான் ஓடும். உடனே பேட்டரியைத் துண்டித்தால் கரைசல் குழாயிலேயே உப்பாக உறைந்து அடைத்துக்கொள்ளும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும்; கையேட்டில் எழுதியிருப்பதையே பின்பற்ற வேண்டும்.

நிறுத்தும்போது வரிசை இதுதான்: எஞ்சினை நிறுத்தி, விளக்குகளை அணைத்து, சாவியை எடுத்து, காத்திருந்து, கடைசியில் கட்-ஆஃப். கிளப்பும்போது கட்-ஆஃப் முதலில், சாவி பிறகு. சிவப்புச் சாவியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவது நல்ல பழக்கம். திருட்டுக்குத் தடை என்பதைவிட, நின்ற டிராக்டரில் ஏறி விளையாடும் பிள்ளைகள் கையில் வண்டி கிளம்பிவிடாது என்பதே இதில் பெரிய நன்மை. கலப்பைக் கொக்கியையோ டிரெய்லரையோ வண்டியோடு மாட்டியபடியே வெல்டிங் வைப்பதற்கு முன்னும் சுவிட்சை ஆஃப் செய்ய வேண்டும். கணினி உள்ள வண்டியில் அதோடு நிற்காமல் டெர்மினல்களையும் கழற்றிவிடுவது பாதுகாப்பு.

சுவிட்ச் ஆஃபில் இருக்கும் பேட்டரியும் உயிருள்ள பேட்டரியே. இரு டெர்மினல்களின் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் அதே ஆயிரம் ஆம்பியர் பாயும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில் என்ற விதியும் அப்படியே இருக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். எனவே சார்ஜரின் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டிய பிறகே பிளக்கைப் போட வேண்டும். பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ கூடாது.

வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீடுகளான கேரவன் டிரெய்லர்களிலும் இதே சுவிட்ச் உண்டு. உழவு டிரெய்லருக்குச் சொந்த பேட்டரி இல்லை; கேரவனுக்கு உண்டு.  கொக்கி கழன்று டிரெய்லர் பிரிந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் மின்சார அமைப்பு உள்ள டிரெய்லரில், அந்தப் பிரேக்கின் ஒயர் கட்-ஆஃப் சுவிட்சைக் கடக்காமல் நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும். கூரையில் சோலார் தகடு இருந்தால் சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் அந்தத் தகட்டின் ஒயர்களில் மின்சாரம் இருக்கும். பழுது பார்ப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் இந்த சுவிட்ச் தடுக்காது. பேட்டரி தனக்குள்ளேயே இழந்துகொள்ளும் மின்சாரம் அது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கு இது சிறிதல்ல. ஆகவே ஆஃபில் நிறுத்திய வண்டியிலும் மாதம் ஒருமுறை மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு, 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்ற வேண்டிய நேரம். 12 வோல்ட்டில் கிடந்தால் சல்ஃபேட் கெட்டியாகத் தொடங்கியிருக்கும்.