உச்சிவெயில் எத்தனை மணிக்கு?

பகல் 12 மணிக்குச் சூரியன் தலைக்கு மேல் வரும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஜாலான் புசாரில் அப்படி நடப்பதில்லை. விளையாட்டரங்குப் பக்கம் நடந்து போகும்போது நான் விளக்குக் கம்பங்களைப் பார்ப்பதுண்டு. 12 மணிக்கு அவற்றின் நிழல் இன்னும் மேற்குப் பக்கம்தான் விழுந்திருக்கும். சூரியன் உச்சிக்கு வர 1 மணியை ஒட்டி ஆகிவிடும். மார்ச் 23, செப்டம்பர் 19 ஆகிய தேதிகளை ஒட்டிய நாள்களில் அந்த நேரத்தில் கம்பத்தின் நிழல் ஏறக்குறைய காணாமலே போய்விடும். நாம் பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகை ஏறத்தாழ 104 பாகை கிழக்கு. கணக்குப்படி நமது கடிகாரம் கிரீனிச் நேரத்தைவிட 7 மணி நேரம்கூட முந்தியிருக்க வேண்டியதில்லை. நாமோ 8 மணி நேரம் முந்தியிருக்கிறோம். உண்மையில் அது பிலிப்பீன்ஸ் வழியாகச் செல்லும் 120 பாகைக்கு உரிய நேரம்!

காரணம் வானத்தில் இல்லை. தீபகற்ப மலேசியா தன் நேரத்தை சாபா, சரவாக்குடன் ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் கடிகாரத்தை மாற்றிக்கொண்டது. 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30 மணி ஆனதும் முள் நேராக 12க்குத் தாவியது. அன்றிரவு 11.45 மணிக்கு இங்கே பிறந்தவர் என்று ஒருவரும் இருக்க முடியாது. ஜப்பானியர் ஆட்சியில் இன்னும் மோசம். தோக்கியோ நேரப்படி உச்சிப்பொழுது 2 மணிக்கு!

ஊரிலிருந்து வரும் நாள்காட்டியில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்றிருக்கும். அது காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. இங்கே விடிவதே 7 மணியளவில்தான். நம்பிக்கை உள்ளவர்கள் கூட்டிக் கழித்துக்கொள்ளட்டும்.

எனக்குக் கவலை வேறு. பல வேலையிடங்களில் மதிய உணவு இடைவேளை 12 முதல் 1 வரை. வெயில் உச்சிக்கு வரும் நேரம் பார்த்து ஊழியர்கள் மீண்டும் வெளியே வருகிறார்கள். “சாப்பிட்டுட்டு ஏறினா கம்பியத் தொட முடியாதுண்ணே” என்றார், வீராசாமி ரோட்டில் பேருந்துக்குக் காத்திருந்த கட்டுமான ஊழியர் ஒருவர்.

மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் இதற்கு விதிமுறை கொண்டுவந்தது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ‘டபிள்யுபிஜிடி’ அளவு 32 பாகையை எட்டினால், வெளியில் கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தரவேண்டும். 33 பாகை என்றால் 15 நிமிடம். கைக்கடிகாரம் என்ன காட்டினாலும் சரி.