பகுதி நேர எம்.பி.ஏ. கட்டுப்படியாகுமா? எக்ஸெல்லில் போட்டுப் பாருங்கள்

சாஃப்ட்வேர் கம்பெனியில் ஐந்தாறு வருடம் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் டீ குடிக்கப் போனால், மூன்றாவது நிமிடத்தில் "எம்.பி.ஏ. பண்ணலாமா?" என்ற பேச்சு வந்துவிடும். நான் பி.இ. முடித்தவன், வயது 28. வீடு வானகரத்தில், ஆபீஸ் அம்பத்தூர் தொழிற்பேட்டையில். வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டலாம் என்று நானும் மனைவியும் சேர்த்து வைத்திருக்கும் பணமும், ஒரு வார இறுதி எம்.பி.ஏ.வின் கட்டணமும் கிட்டத்தட்ட ஒரே தொகை. எனவே இது எனக்கு டீக்கடைப் பேச்சு மட்டுமல்ல. எம்.பி.ஏ. நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை விட்டுவிட்டு, ஒரு கம்ப்யூட்டரும் எக்ஸெல்லும் இருந்தால் இந்த முடிவை எப்படி எடை போடலாம் என்று பார்ப்போம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளிலும் இதையே செய்யலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ." என்று விளம்பரம் செய்யப்படுபவை எல்லாம் ஒரே சரக்கு அல்ல. நேரில் போய் மாலையிலோ வார இறுதியிலோ படிப்பது ஒரு வகை. நுங்கம்பாக்கம் லயோலா வளாகத்தில் உள்ள லிபா, வேலை பார்ப்பவர்களுக்காகப் பகுதி நேர பி.ஜி.டி.எம். நடத்திப் பெயர் வாங்கியது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் மேலாண்மைத் துறை இரண்டு வருட எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ. நடத்துகிறது. 2011-ல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம்., அடுத்த வருடமே சென்னையில் வேலை பார்ப்பவர்களுக்கான வார இறுதிப் படிப்பை ஆரம்பித்தது. இரண்டாவது வகை தொலைநிலைக் கல்வி: இக்னோ, சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் போன்றவை. மூன்றாவது ஆன்லைன் எம்.பி.ஏ. நான்காவதாக, பெரிய நிறுவனத்தின் பெயர் போட்டு வரும் ஆறு மாத, பத்து மாத சான்றிதழ்ப் படிப்புகள். இந்தக் கடைசி வகை பட்டமே இல்லை. ப்ரோஷரில் பெரிய எழுத்தில் நிறுவனத்தின் பெயரும், சின்ன எழுத்தில் "சான்றிதழ்" என்ற வார்த்தையும் இருக்கும். இவற்றின் கட்டணத்தோடு 18% ஜி.எஸ்.டி.யும் சேருவதுண்டு. சொல்லும் தொகை வரியோடு சேர்த்தா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.பி.ஏ., பி.ஜி.டி.எம். வித்தியாசமும் பலரைக் குழப்புகிறது. பட்டம் தரும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கே உண்டு. தனித்து இயங்கும் நிறுவனங்கள் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரத்தோடு தருவது பி.ஜி.டி.எம். என்ற டிப்ளமோ. ஐ.ஐ.எம்.களும் வெகுகாலம் டிப்ளமோதான் கொடுத்து வந்தன. 2017-ம் ஆண்டு ஐ.ஐ.எம். சட்டம் வந்த பிறகே பட்டம் தரும் உரிமை அவற்றுக்குக் கிடைத்தது. தனியார் சாஃப்ட்வேர் கம்பெனியில் இந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. அரசு வேலைக்கோ பிஎச்.டி.க்கோ போகும் எண்ணம் இருந்தால், அந்த பி.ஜி.டி.எம்.முக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் (ஏ.ஐ.யூ.) சமநிலை அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பணம் கட்டும் முன் ஒரு க்ளிக்

தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கு அனுமதி தருவது யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு. சுருக்கமாக டெப் என்பார்கள். அதன் இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி பெற்றிருக்கிறது என்ற பட்டியல் உள்ளது. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். உங்கள் படிப்பின் பெயரும் நீங்கள் சேரும் கல்வியாண்டும் அதே வரிசையில் இருக்க வேண்டும். தொலைநிலைக்கும் ஆன்லைனுக்கும் பட்டியல் தனித்தனி. 2024 முதல் இப்படிப்புகளில் சேரும் மாணவர் டெப் ஐ.டி. ஒன்றையும் உருவாக்கிக்கொள்ள வேண்டும். "ஐ.டி. எல்லாம் நாங்களே போட்டுக்கொள்கிறோம், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்கள்" என்று போனில் யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. முறையான அனுமதி இல்லாமல் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் நடத்திய பொறியியல் படிப்புகளில் 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை அது நிறுத்தி வைத்தது. அவற்றில் ஒன்று சேலத்தில் இருப்பது. மறுபடி ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டம் நிற்கும் என்றானது. படித்து முடித்து, வேலையில் பதவி உயர்வும் வாங்கி, பத்து வருடம் கழித்து இப்படி ஒரு செய்தி வந்தால் எப்படி இருக்கும்? அது பொறியியல் விஷயம், எம்.பி.ஏ. அல்ல. ஆனாலும் அனுமதிப் பட்டியலைப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். பட்டியலில் இருந்தால் இன்னொரு பயத்தை விட்டுவிடலாம்: அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஏதோ ஒரு ஆன்லைன் பயிற்சிக் கம்பெனி கைகோர்த்துத் தரும் பட்டங்களை அங்கீகரிப்பதில்லை என்று 2023 டிசம்பரில் அதே யு.ஜி.சி. எச்சரித்தது.

ப்ரோஷரில் உள்ள எண்கள்

"எங்கள் மாணவர்களின் சராசரிச் சம்பளம் 16 லட்சம்" என்று இருந்தால் உடனே மயங்க வேண்டாம். ஒரு வொர்க்‌ஷீட்டைத் திறந்து ஐந்து செல்களில் 8, 9, 9, 10, 44 என்று டைப் செய்யுங்கள். ஆவரேஜ் ஃபங்ஷன் 16 என்று காட்டும். மீடியன் ஃபங்ஷன் 9 என்று காட்டும். ஒரே ஒருவர் 44 லட்சம் வாங்கினால் மற்ற நான்கு பேரையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். அட்மிஷன் ஆபீஸில் மீடியன் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்தது "படிப்பு முடித்தபின் 40% சம்பள உயர்வு". மூன்று வருடம் படித்தவர் அந்த மூன்று வருடமும் சும்மா இருந்திருந்தாலும் வருடத்துக்கு 8% வீதம் உயர்வு வந்திருந்தால் மொத்தம் கிட்டத்தட்ட 26% ஏறியிருக்கும். மீதி 14 தான் எம்.பி.ஏ.வின் கணக்கில் வரும்.

இதைவிட நல்ல தகவல் லிங்க்ட்இன் தளத்தில் இருக்கிறது. அந்தக் கல்லூரியின் பக்கத்துக்குப் போய் அலும்னி என்ற பகுதியை க்ளிக் செய்யுங்கள். ஊர், கம்பெனி, வேலை வகை என்று வடிகட்டலாம். உங்களைப் போலவே டெவலப்பராக இருந்து சேர்ந்தவர்கள் இருபது பேரைத் தேடி, படிப்பு முடிந்து மூன்று வருடம் கழித்து என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேற்பட்டோர் அதே கம்பெனியில் ஒரு படி மேலே இருந்தார்கள். வங்கிக்கோ கன்சல்டிங்குக்கோ தாவியவர்கள் சிலரே. என் எதிர்பார்ப்பை நான் அந்தப் பாதிப் பேரை வைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

இப்போது கணக்கு

உதாரணமாகக் கட்டணம் 6,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புத்தகம், பரீட்சைக் கட்டணம் 40,000. இரண்டு வருடத்தில் 90 சனிக்கிழமைகள், போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் தலா 400 என்றால் 36,000. ஆக மொத்தம் 6,76,000. வருடத்துக்கு 3,38,000.

கடன் வாங்குவதாக இருந்தால் மாதத் தவணையை பி.எம்.டி. ஃபங்ஷன் சொல்லிவிடும். அடைப்புக்குறிக்குள் முதலில் வட்டி (10% என்றால் 10%/12), அடுத்து மாதங்களின் எண்ணிக்கை 60, கடைசியாகக் கடன் தொகை 600000 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். 12,748 ரூபாய் என்று மைனஸ் குறியோடு வரும். கையை விட்டுப் போகும் பணம் என்பதால்தான் மைனஸ், பயப்பட வேண்டாம். ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 1,64,900. கல்விக் கடன் வட்டிக்கான வரிக் கழிவு (1961-ம் ஆண்டுச் சட்டத்தில் 80-இ என்று வழங்கியது) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய முறையில் இருந்துகொண்டு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். ஒரு சனிக்கிழமைக்கு 7 மணி நேர வகுப்பு, 2 மணி நேரப் பயணம். 90 நாளைக்கு 810 மணி நேரம். வீட்டில் வாரம் 6 மணி நேரம் வீதம் 100 வாரத்துக்கு 600. ஆக 1,410 மணி நேரம், வருடத்துக்கு 705. பயண நேரத்தைக் குத்துமதிப்பாகப் போடாமல் கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தை செட் செய்து பாருங்கள். வானகரத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நுங்கம்பாக்கம் போக, ஞாயிறு காலைக்கும் வேலை நாள் மாலை 6 மணிக்கும் மேப்ஸ் காட்டும் நேரம் ஒன்றல்ல. கிண்டிப் பக்கம் என்றால் கோயம்பேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மெட்ரோவில் ஏறி ஆலந்தூரில் மாறிக்கொள்வது உத்தமம். மாலை வகுப்பு எடுப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அமெரிக்க க்ளையன்டோடு கால் வருவதும் அதே மாலை ஏழு மணிக்குத்தான். ரிலீஸ் என்றால் அதுவும் சனிக்கிழமைதான்.

ஷீட்டை இப்படி அமையுங்கள். ஏ காலத்தில் 2-வது வரியிலிருந்து 11-வது வரி வரை வருடம் 1 முதல் 10. எஃப்1 செல்லில், படிப்பால் மட்டும் கையில் கூடுதலாக வரும் என்று நினைக்கும் மாதத் தொகை. என் ஆபீஸில் என் கிரேடுக்கும் அடுத்த கிரேடுக்கும் வரி போக உள்ள வித்தியாசம் 12,000. எஃப்2-வில் உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு, இப்போதைக்கு 0. பி2, பி3 இரண்டிலும் மைனஸ் 338000, அதிலிருந்து 705 பெருக்கல் எஃப்2-வைக் கழிக்கும் ஃபார்முலா. சி4 முதல் சி11 வரை எஃப்1 பெருக்கல் 12. டி காலத்தில் பி, சி இரண்டின் கூட்டல். எஃப்3-யில் என்.பி.வி. ஃபங்ஷன்: முதலில் 10%, பிறகு டி2 முதல் டி11 வரை. ஐந்து வருடம் கழித்து வரும் ரூபாய்க்கு இன்றைய மதிப்பு என்ன என்று குறைத்துப் பார்ப்பதுதான் இதன் வேலை. வட்டி இதிலேயே அடங்கிவிடுவதால் கடன் தவணையைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. முதல் தொகை வருடக் கடைசியில் போவதாக இந்த ஃபங்ஷன் எடுத்துக்கொள்ளும். சேரும்போதே கட்டும் பணம் என்றால் அதை ஃபங்ஷனுக்கு வெளியே வைத்துக் கழியுங்கள்.

விடை 48,289. அதாவது பரவாயில்லை, லாபம். இப்போது எஃப்2-வில் 250 என்று போடுங்கள். மைனஸ் 2,57,600. ஒரே செல்லில் கதை மாறிவிட்டது. அப்படியானால் மாதம் எவ்வளவு கூடுதலாக வந்தால் கட்டுப்படியாகும்? டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதற்குள் கோல் சீக். செட் செல்லில் எஃப்3, டு வேல்யூவில் 0, பை சேஞ்சிங் செல்லில் எஃப்1 கொடுத்து ஓகே தட்டினால் 16,869 என்று வரும். (லிப்ரே ஆபீஸில் கோல் சீக், டூல்ஸ் மெனுவில் இருக்கிறது.) நான் போட்ட 250-ஐ என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "சனிக்கிழமை வீட்டு வேலை முழுக்க என் தலையில் விழும், 400 போடுங்கள்" என்றார். போட்டேன். 20,338.

இன்னொரு சோதனையும் உண்டு. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். தளத்தில் கணக்கியல், நிதி மேலாண்மை போன்ற 8, 12 வாரப் படிப்புகள் இலவசம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் சிறு கட்டணம். லட்சக்கணக்கில் கட்டுமுன் ஒன்றில் சேர்ந்து, வாராவாரம் அசைன்மென்ட் கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள். ப்ராஜெக்ட் நெருக்கடியில் ஆறாவது வாரமே நின்றுவிட்டால், இரண்டு வருடப் படிப்பில் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். பாதியில் ஆன்சைட் வந்தால் செமஸ்டரை நிறுத்திவைத்துத் தொடர முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். இக்னோவில் இரண்டு வருட எம்.பி.ஏ.வை நான்கு வருடத்துக்குள் முடிக்கலாம். வார இறுதிப் படிப்புகளில் இந்தச் சலுகை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி.

கடைசியாக நான் மாற்றிப் பார்த்த செல் கட்டணம். சில கம்பெனிகள் பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன, இரண்டு வருடம் வேலையை விடக் கூடாது என்ற பாண்டோடு. 6,00,000-ஐ 3,00,000 ஆக்கி, நேரத்தை மணிக்கு 250 என்றே விட்டால் கோல் சீக் 11,948 என்கிறது. என் 12,000-க்கு 52 ரூபாய் கீழே. பாண்டுக்கு என்ன விலை போடுவது என்பதற்கு இன்னும் ஒரு செல் ஒதுக்க வேண்டும். ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன், பதில் அப்ரைசலுக்குப் பிறகு என்றார்கள். ஃபைல் டெஸ்க்டாப்பிலேயே இருக்கிறது.