மக்காச்சோளக் காட்டுக் கோமாளி

‘க்ளவுன் இன் எ கார்ன்ஃபீல்ட்’ 2025 மே மாதம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த திகில் படம். ஆடம் செசாரே 2020இல் இளைஞர்களுக்காக எழுதிய அதே பெயருள்ள நாவலே கதை. இயக்கியவர் ஈலை கிரெய்க். திகில் படங்களின் வழக்கங்களைக் கேலி செய்து 2010இல் வந்த ‘டக்கர் அண்ட் டேல் வெர்சஸ் ஈவில்’ படத்தின் இயக்குநர் அவர்தான்.

கதை நடப்பது மிசௌரி மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட கெட்டில் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில். மக்காச்சோளத்திலிருந்து பாகு காய்ச்சும் பேபென் ஆலைதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. இப்போது ஆலை எரிந்து கிடக்கிறது. அதன் விளம்பரச் சின்னமான ஃப்ரெண்டோ என்ற கோமாளி மட்டும் ஊரில் எங்கு திரும்பினாலும் சிரித்துக்கொண்டிருக்கிறான். தாயை இழந்த குவின் என்ற பெண்ணும் மருத்துவரான அவள் அப்பாவும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து இங்கே குடிவருகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளோ ஃப்ரெண்டோவைக் கொலைகாரனாகக் காட்டி வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறார்கள். பெரியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. சில நாளில் அந்த வேடத்தில் நிஜமாகவே ஒருவன் கொல்லத் தொடங்குகிறான்.

முகமூடி அணிந்த ஒருவன் கூரிய ஆயுதத்தால் இளைஞர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் இந்த வகைப் படங்களுக்கு ‘ஸ்லாஷர்’ என்று பெயர். 1974இல் வந்த ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ போன்ற படங்களில் அதன் கூறுகள் ஏற்கெனவே உண்டு. ஆனால் இந்த வகைக்குச் சந்தையைத் திறந்துவிட்டது ஜான் கார்பென்டர் 1978 அக்டோபரில் வெளியிட்ட ‘ஹாலோவீன்’. சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம், 6 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. அதன் களமும் ஹேடன்ஃபீல்ட் என்ற கற்பனைச் சிற்றூர்தான். தொடக்கக் காட்சியில் அக்காவைக் கத்தியால் குத்தும் 6 வயதுச் சிறுவன் அணிந்திருப்பது கோமாளி உடை. வளர்ந்தபின் அவன் போடும் முகமூடிக்கு முதலில் பரிசீலிக்கப்பட்டவற்றில் ஒன்றும் கோமாளி முகமே. கடைசியில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடியை வாங்கி வெள்ளையடித்துக்கொண்டார்கள்.

இந்த வகைக்குச் சிற்றூர் ஏன் பொருந்துகிறது? காவலர்கள் சிலர்தான். அடுத்த ஊர் தொலைவு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால் யாரும் யாரையும் சந்தேகிப்பதில்லை. போதாததற்கு மக்காச்சோளக் காடு வேறு: கோடை முடிவதற்குள் பயிர் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும், ஒரு வரிசையில் நிற்பவருக்கு அடுத்த வரிசையில் இருப்பது தெரியாது. படத்தின் முன்கதை 1991இல் நடக்கிறது. இரவுக் கொண்டாட்டத்திலிருந்து காட்டுக்குள் நழுவும் ஒரு ஜோடி, மண்ணில் அளவுக்கு மீறிப் பெரிதான காலணித் தடங்களைப் பார்க்கிறது. கோமாளியின் ஜோடு. தடத்தைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வரும்; இயக்குநருக்கு வேண்டியதும் அதுதான்.

கோமாளி எப்போது அச்சமூட்டுபவன் ஆனான் என்பதற்கு ஒரே நாளைக் குறிப்பிட முடியாது. வெள்ளைப் பூச்சு முகத்தைப் பிரபலமாக்கியவர் லண்டன் மேடைக் கலைஞர் ஜோசஃப் கிரிமால்டி (1778–1837). மனைவியைக் கொல்லும் கோமாளியை 1892இலேயே இத்தாலிய ஓபரா ‘பாலியாச்சி’ காட்டிவிட்டது. அமெரிக்காவில் இந்த அச்சத்தை ஆழமாக விதைத்தது நிஜச் சம்பவம் ஒன்று. குழந்தைகளின் விழாக்களில் கோமாளி வேடமிட்டு வந்த ஜான் வேய்ன் கேசி, ‘ஹாலோவீன்’ வெளியாகி இரண்டே மாதத்தில் இல்லினாய் மாநிலத்தில் கைதானான். 33 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டான். ஸ்டீபன் கிங் 1986இல் எழுதிய ‘இட்’ நாவலும் அதன் திரை வடிவங்களும் மீதி வேலையைச் செய்து முடித்தன. 2024இல் ‘டெரிஃபையர் 3’ என்ற கோமாளிப் படம், பெரும் செலவில் எடுக்கப்பட்ட இரண்டாம் ‘ஜோக்கர்’ படத்தை வசூலில் பின்னுக்குத் தள்ளி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கோமாளியைக் கோமாளியே வென்ற வாரம் அது.

‘டெரிஃபையர்’ கோமாளி பேசுவதில்லை, காரணமும் சொல்வதில்லை. ஃப்ரெண்டோவுக்குக் காரணம் உண்டு. படத்தை விஷயம் உள்ளதாக ஆக்குவதும் அதுவே. (முடிவு தெரியாமல் பார்க்க விரும்புபவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போகலாம்.)

ஸ்லாஷர் படங்களில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. குடித்துக் கூத்தடிக்கும் பிள்ளைகள் சாவார்கள், நிதானமாக இருக்கும் ஒரு பெண் மட்டும் பிழைப்பாள். பிழைக்கும் இந்தப் பெண்ணைத் தனிப் பாத்திர வகையாக அடையாளம் கண்டு 1987இல் எழுதியவர் பேராசிரியர் கரோல் க்ளோவர். அப்படியானால் கொலைகாரன் செய்வது ஒருவகையில் பெரியவர்களின் கண்டிப்பை நிறைவேற்றுவதுதானே? மறைமுகமாக இருந்த இந்த எண்ணத்தை இந்தப் படம் வெளிப்படையாக்கிவிடுகிறது. காட்டிலிருந்து வெளிவருவது ஒரு ஃப்ரெண்டோ அல்ல, பல ஃப்ரெண்டோக்கள். ஊர்த் தலைவரும் ஷெரிஃபும் மற்றப் பெரியவர்களுமே வேடத்துக்குள் இருக்கிறார்கள். சொல்பேச்சு கேளாத தலைமுறையைக் களையெடுத்தால் ஊர் பழையபடி தழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. எரிந்துபோன ஆலைக்கும் போன பிழைப்புக்கும் பழி பிள்ளைகள் தலையில் விழுகிறது.

தலைமுறை இடைவெளியைப் படம் நகைச்சுவையாகவும் சொல்கிறது. உயிர் தப்ப ஓடும் பெண்களுக்குச் சுழற்றும் வகைப் பழைய தொலைபேசி ஒன்று கிடைக்கிறது. அதில் எண்ணை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. தப்பிக்கக் கார் கிடைத்தால் அது கியர் வண்டி, ஓட்டத் தெரியாது. படத்தின் சிறந்த கணங்கள் இவையே. வழக்கமான ஸ்லாஷர் பிணக்கணக்கு இவற்றுக்கு ஈடாகவில்லை. நண்பர் கூட்டத்தில் பலர் சாவதற்காகவே படைக்கப்பட்டவர்கள் என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. மர்மம் அவிழ்ந்தபின் கொலைகாரர்கள் தங்கள் நியாயத்தைச் சொற்பொழிவாகவே ஆற்றுகிறார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் பயமாக இருந்திருக்கும்.

பாகு ஆலையைக் கதையின் நடுவே வைத்ததில், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு குறும்பு இருக்கிறது. ஹாலிவுட் நெடுங்காலம் செயற்கை ரத்தம் தயாரித்தது மக்காச்சோளப் பாகில் சிவப்புச் சாயம் கலந்துதான். 1976இல் வந்த ‘கேரி’ படத்தில் நாயகி மேல் கொட்டுவது அதுவே. விளக்கு வெப்பத்தில் அது காய்ந்து பிசுபிசுத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

கதை மிசௌரியில் நடந்தாலும் படப்பிடிப்பு நடந்தது கனடாவின் மனிடோபா மாகாணத்தில். குவினாகக் கேட்டி டக்ளஸும் ஷெரிஃபாக வில் சாஸோவும் நடித்திருக்கிறார்கள். செசாரே இதே கோமாளியை வைத்து மேலும் நாவல்கள் எழுதியிருக்கிறார். அமெரிக்கத் தணிக்கை முறையில் படத்துக்குக் கிடைத்தது ‘ஆர்’ சான்றிதழ். 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றி அரங்கில் நுழைய முடியாது. சுவரொட்டியில் சிரிக்கும் முகத்தைப் பார்த்து வீட்டுக் குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கும் படமல்ல இது.