சாலையோரக் கொடி தந்த மருந்து

பிரான்சில் போர்டோ நகருக்கு வடக்கே உள்ள மெடோக், திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன பகுதி. மேடு அதிகமில்லாததால், விடுமுறைக்கு வருவோர் சைக்கிளில் மார்கோ, போயாக் ஊர்கள் வழியே கொடி வரிசைகளை ஒட்டி நிதானமாகச் செல்கின்றனர்.

1882-ல் இங்கு அடிச்சாம்பல் நோய் கடுமையாகத் தாக்கியது. வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் மட்டும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தனர். அக்கொடிகளில் இலை உதிரவில்லை. இதைக் கவனித்த தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே ஆராய்ந்து, 1885-ல் அறிவித்ததே போர்டோ கலவை.

ஒரு சதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் தேவை. தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கவும். இரும்புப் பாத்திரம் கூடாது. தீட்டிய கத்தியை நனைத்தால் செம்பு படிகிறதா? இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவும். கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும்.