கள்ளக்குறிச்சி மரச் சிற்பி: தொழிலும் முடிவும்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களில் மரச் சிற்பம் பட்டறைத் தொழில். பெரும்பாலும் மகன் அப்பாவிடமே கற்றுக்கொள்கிறான். உளி தீட்டுவதும் உப்புத்தாள் தேய்ப்பதும் முதல் பாடம். கை படிந்த பிறகுதான் சாமி உருவம்.

வாகை, மாவிலங்கம், வேம்பு, பூவரசு, அத்தி, தேக்கு ஆகியவை புழக்கத்தில் உள்ள மரங்கள். ஈரக் கட்டையில் செதுக்கினால் பின்னால் வெடிக்கும். காயவைக்கும் பொறுமையே பாதி வேலை. காய்ந்த கட்டையில் நடுக்கோடு போட்டு, தாளம் என்ற சிற்ப அளவுப்படி முகம், மார்பு, இடுப்பு, முழங்கால் என்று குறிப்பார்கள். வாச்சியால் கழித்தபின் உளியும் கொட்டாப்புளியும் உருவத்தை எடுக்கும். முடிந்த சிற்பத்தில் செய்தவர் பெயர் அநேகமாக இருக்காது. வாங்குபவர் கேட்பதும் சாமியின் பெயரைத்தான்.

2021-இல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊர்ப் பெயரைக் காக்கும்; கூலியை நிர்ணயிக்காது.

சம்மணமிட்டுக் குனிந்தே செய்யும் வேலை முதுகையும் முழங்காலையும் வாங்கிவிடும். மரத்தூள் நுரையீரலைக் கெடுக்கும். சிற்பி இறந்தால் பாதியில் நிற்கும் உருவத்தை மகனோ பட்டறையில் உடனிருந்தவரோ முடித்துத் தருவார். முன்பணம் வாங்கியிருந்தால் வேறு வழியில்லை. உளிகள் அடுத்த கைக்குப் போகும். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிந்தவருக்கு 60 வயதுக்குமேல் ஓய்வூதியமும், இறந்தபின் குடும்பத்துக்கு ஈமச்சடங்கு உதவித்தொகையும் உண்டு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் இவற்றைப் பெறுவது சிக்கல்.